ஜான் அலெக்ரோ: சுருள்களிலிருந்து காளானுக்கு

1970ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சுருக்கமான கடிதம் ஒன்று வெளியானது. பிரிட்டனின் செமித்திய மொழியறிஞர்கள், விவிலிய அறிஞர்கள் எனப் பத்துக்கும் மேற்பட்டோர் அதில் கையொப்பமிட்டிருந்தனர். அண்மையில் வெளிவந்த ஒரு நூல், தாங்கள் அறிவுத்துறை சார்ந்ததாகக் கருதக்கூடிய எந்த மொழிநூல் சான்றையும், வேறெந்தச் சான்றையும் அடிப்படையாகக் கொண்டதன்று என்பதே கடிதத்தின் சாரம். கையொப்பங்களில் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டின் காட்ஃப்ரி டிரைவருடையது. நூலை எழுதிய ஜான் மார்கோ அலெக்ரோவுக்கு எபிரேயக் கிளைமொழிகளை ஆராயக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆசிரியரே மாணவரைப் பொதுவெளியில் கைவிட்ட நிகழ்ச்சி என்று பத்திரிகைகள் அதைப் புரிந்துகொண்டன.

கிறித்தவம் ஒரு மனிதரிடமிருந்து தோன்றவில்லை, ஒரு காளானிலிருந்து தோன்றியது என்பதே அந்நூல் சொன்ன செய்தி. இன்று அலெக்ரோவின் பெயரைக் கேட்டதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது இது ஒன்றுதான். அவருடைய இணைய ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் இந்த ஒரு புள்ளியில் நின்றே சண்டையிடுகிறார்கள். ஆனால் அவருடைய வாழ்க்கையில் இரண்டு வேறு வழக்குகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. கிறித்தவத்தின் தோற்றம் பற்றி அவர் அளித்த விடை ஒன்று. அந்தத் தோற்றத்துக்குச் சான்றாகக்கூடிய ஆவணங்களை யார் வைத்திருப்பது, யார் படிப்பது என்று அவர் எழுப்பிய கேள்வி மற்றொன்று. முதலாவதில் அவர் தோற்றது நியாயமே. அந்தத் தோல்வி இரண்டாவதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனதுதான் வருத்தத்துக்குரியது.

கிறித்தவத்தின் வரலாற்று வேர்களை ஐயுற்றவர்களில் அலெக்ரோ முதலாமவர் அல்லர். 1835இல் டேவிட் ஃபிரெடரிக் ஸ்ட்ராஸ் சுவிசேஷங்களின் அற்புதக் கதைகளைத் தொன்மங்கள் என்று எழுதினார். அதன் விளைவாகச் சூரிச்சில் கிடைத்த பேராசிரியர் பதவியில் அமருமுன்பே ஓய்வூதியம் கொடுத்து அனுப்பப்பட்டார். அடுத்து வந்த புரூனோ பவர் இன்னும் தொலைவு சென்று, இயேசு என்றொருவர் இருந்தாரா என்றே கேட்டார். 1842இல் பான் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமையை இழந்தார். ஆயினும் இவர்கள் கையில் இருந்தவை ஏற்கெனவே எல்லாரும் படித்த கிரேக்கச் சுவிசேஷங்கள் மட்டுமே. அவற்றுக்குள்ளேயே முரண்பாடுகளைத் தேடித்தான் அவர்கள் வாதிட வேண்டியிருந்தது. அலெக்ரோவின் நிலை வேறு. இரண்டாயிரம் ஆண்டுகளாக எவரும் கண்டிராத கையெழுத்துப் படிகள், இயேசு வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் இடத்துக்கும் மிக நெருக்கமானவை, அவர் மேசையில் கிடந்தன.

சாக்கடலின் வடமேற்குக் கரையில் கும்ரான் என்னும் இடத்தை ஒட்டிய 11 குகைகளில் 1947 முதல் 1956 வரை கண்டெடுக்கப்பட்டவை சாக்கடல் சுருள்கள். ஏறத்தாழ 900 கையெழுத்துப் படிகளின் எச்சங்கள் அவற்றில் அடங்கும். முழுச் சுருள்களாகக் கிடைத்தவை சிலவே; மிகுதியானவை, குறிப்பாக 1952இல் கண்டுபிடிக்கப்பட்ட நான்காம் குகையிலிருந்து வந்தவை, விரல்நகம் அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரையுள்ள தோல் துணுக்குகள். அப்போது ஜோர்தான் ஆட்சியில் இருந்த கிழக்கு எருசலேமின் பாலஸ்தீனத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இவற்றை ஒட்டிச் சேர்த்துப் படித்து வெளியிடப் பன்னாட்டுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் தொமினிக்கத் துறவியான ரோலான் தெ வோ. உறுப்பினர்களில் பலர் கத்தோலிக்கக் குருமார்கள். யூதர் ஒருவர்கூட இல்லை. யூதர்களின் பழைய நூல்களைப் படிக்க யூத அறிஞர் எவரும் சேர்க்கப்படாத இந்த ஏற்பாட்டின் பின்னால் அந்நாளைய அரபு–இஸ்ரேல் பகை இருந்தது.

1953இல் இக்குழுவில் சேர்ந்த முதல் பிரிட்டானியர் அலெக்ரோ. 1923இல் லண்டனில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றி, பின்னர் மெதடிஸ்ட் சபையில் போதகராகும் எண்ணத்தோடு படிக்கத் தொடங்கியவர். எபிரேயமும் கிரேக்கமும் படிக்கப் படிக்க மூலமொழியின் மேல் பற்று வளர்ந்தது, சபையின் மேல் இருந்த பற்று தேய்ந்தது. மான்செஸ்டரில் கீழைமொழிகளில் முதல் வகுப்பில் தேறி, ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்று, அங்கிருந்து எருசலேமுக்கு அனுப்பப்பட்டார். குழுவில் எந்தச் சபையையும் சாராதவர் தாம் என்பதை அவர் மறைக்கவில்லை; சற்று மிகையாகவே பறைசாற்றினார் என்றும் சொல்லலாம்.

அவருடைய முதல் பெரும் வெற்றி செப்புச் சுருள். 1952 மார்ச்சில் மூன்றாம் குகையில் கிடைத்த இது தோலில் எழுதப்பட்டதன்று. மெல்லிய செப்புத் தகட்டில் எழுத்துகளை அடித்துப் பொறித்து உருட்டி வைத்தது. இரண்டு உருளைகளும் களிம்பேறி, தொட்டால் நொறுங்கும் நிலையில் இருந்தன. விரிக்க வழியில்லாமல் மூன்றாண்டுகளுக்கு மேல் அவை அருங்காட்சியகத்தில் கிடந்தபோது, மான்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்று அலெக்ரோதான் ஏற்பாடு செய்தார். அங்கே இயந்திரவியல் பேராசிரியர் ரைட் பேக்கர் சிறிய வட்டரம்பம் ஒன்றைப் பொருத்தி, உருளைகளை நீளவாக்கில் 23 துண்டுகளாக அறுத்தார். உள்ளே இருந்தது வேதமும் அன்று, வழிபாட்டுப் பாடலும் அன்று. பொன்னும் வெள்ளியும் புதைத்து வைக்கப்பட்ட 64 இடங்களின் பட்டியல்! கோயிலின் செல்வமாக இருக்கலாம் என்று அலெக்ரோ நம்பினார். குழுவோ அதை நாட்டுப்புறக் கட்டுக்கதை என்று அறிவித்தது. அதிகாரபூர்வப் பதிப்பு போலந்து நாட்டுக் குருவான மிலிக் என்பவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் பதிப்பு 1962இல் வருவதற்குள், 1960இலேயே அலெக்ரோ தம் பதிப்பை வெளியிட்டுவிட்டார். புதையலைத் தேடி அகழவும் செய்தார், எதுவும் அகப்படவில்லை. இன்று அறிஞர் பலர் அந்தப் பட்டியல் உண்மைச் செல்வத்தைக் குறிப்பது என்றே எண்ணுகிறார்கள். ஆயினும் சக ஆய்வாளரின் பங்கை முந்திக்கொண்டு அச்சேற்றியதை அத்துறை மன்னிக்கவில்லை.

அதற்கு முன்பே விரிசல் விழுந்துவிட்டது. 1956 ஜனவரியில் பிபிசி வானொலியில் அலெக்ரோ மூன்று உரைகள் நிகழ்த்தினார். கும்ரானில் வாழ்ந்ததாகக் கருதப்படும் யூதச் சமயக் குழுவின் தலைவராகச் சுருள்கள் சொல்லும் ‘நீதியின் போதகர்’ யூத அரசனால் சிலுவையில் அறையப்பட்டார் என்றும், சீடர்கள் உடலை இறக்கிக் காத்து, அவர் உயிர்த்தெழுந்து திரும்புவார் என எதிர்பார்த்திருந்தனர் என்றும் அவர் விவரித்தார். இயேசுவுக்கு ஏறக்குறைய நூறாண்டு முன்னதாகவே இயேசுவின் கதை நிகழ்ந்து முடிந்துவிட்டது என்று நேயர்கள் புரிந்துகொண்டதில் வியப்பில்லை. இந்த எண்ணத்தின் விதை அவருடையதும் அன்று. பிரெஞ்சு அறிஞர் துய்போன்–சோமர் 1950இலேயே போதகருக்கும் இயேசுவுக்கும் ஒப்புமை கண்டிருந்தார். அமெரிக்க எழுத்தாளர் எட்மண்ட் வில்சன் 1955இல் அதைப் பரவலான வாசகர்களிடம் கொண்டுசேர்த்திருந்தார்.

அலெக்ரோவிடம் புதிதாக இருந்தது நாகூம் தீர்க்கதரிசியின் நூலுக்குக் கும்ரானில் எழுதப்பட்ட விளக்கவுரை. ‘மனிதர்களை உயிரோடு தொங்கவிடும்’ சினச் சிங்கம் ஒன்றை அது குறிப்பிடுகிறது. இது கிமு 103 முதல் 76 வரை ஆண்ட அலெக்சாந்தர் யன்னேயு என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் இன்றும் ஏற்கிறார்கள். தன்னை எதிர்த்த 800 பேரை அவன் சிலுவையில் அறைந்தான் என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸும் எழுதுகிறார். இதுவரை அலெக்ரோவின் வாசிப்பு செம்மையானது. அடுத்த படியில்தான் கால் இடறியது. அந்த விளக்கவுரையில் நீதியின் போதகர் தொங்கவிடப்பட்டார் என்று ஒரு வரியும் இல்லை. அவரும் அக்கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது அலெக்ரோவின் ஊகம். உடலை இறக்கியதும் உயிர்த்தெழுதலை எதிர்பார்த்ததும் எங்கும் இல்லை. 1956 மார்ச் 16ஆம் நாள் தெ வோ, மிலிக், ஸ்கீஹன், ஸ்டார்கி, ஸ்ட்ரக்னல் ஆகிய ஐவரும் ‘டைம்ஸ்’ இதழுக்கு எழுதினார்கள்: மூலப் படிகளை நாங்களும் பார்த்தோம், அலெக்ரோ சொல்வது எதையும் எங்களால் காண முடியவில்லை. ஊகம் தம்முடையதே என்பதை அலெக்ரோ தம் பதிலில் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த ஐவரில் நால்வர் கத்தோலிக்கக் குருமார்கள் என்பதை அலெக்ரோ மறக்கவில்லை. கிறித்தவத்தைப் பாதிக்கக்கூடிய எதையும் இவர்கள் வெளியே விடமாட்டார்கள் என்ற ஐயம் அவருக்குள் ஆண்டுதோறும் தடித்தது. ஐயத்துக்குச் சான்று இருந்ததா என்றால், சதிக்குச் சான்று இல்லை, தாமதத்துக்கு இருந்தது. தமக்கு ஒதுக்கப்பட்ட துணுக்குகளை 1968இல் முழுவதும் வெளியிட்டுக் கணக்கை முடித்தவர் அலெக்ரோ. மற்றவர்களின் பங்குகளோ பெட்டிகளில் கிடந்தன. அவர் அவசரமாக வெளியிட்ட அந்தத் தொகுதியில் பிழைகள் மலிந்திருந்தன என்பதும் உண்மை. ஸ்ட்ரக்னல் 1970இல் எழுதிய திருத்தங்கள் ஏறக்குறைய அந்நூலின் அளவுக்கே நீண்டன. இன்று அத்தொகுதியை எடுப்பவர்கள் அந்தத் திருத்தங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிக்கிறார்கள். பிழையோடு கையில் கிடைத்த நூலும், பிழையே இல்லாமல் பெட்டியில் கிடக்கும் நூலும் என்று இரண்டைக் காட்டினால், எதைத் தேர்வது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இப்படிச் சகாக்களோடு முற்றிலும் முறிந்துபோன மனநிலையில்தான் காளான் நூல் உருவானது. அது 1970இல் வெளிவருவதற்கு முன் மான்செஸ்டர் பல்கலைக்கழக வேலையை அவர் விட்டு விலகினார். ‘சண்டே மிரர்’ அதைத் தொடராக வெளியிட்டது.

நூலின் வாதம் இது. பண்டைய மேற்காசிய மதங்கள் யாவும் வளமைச் சடங்குகள். மழை வானத்தந்தையின் விந்து, பூமி கருப்பை. இந்தப் படைப்பாற்றலின் உருவமாக, விதையின்றி இரவோடு இரவாக முளைத்து ஆண்குறி வடிவில் நிமிரும் காளானைக் குருமார்கள் வழிபட்டார்கள். அதிலும் சிவப்புக் குடையில் வெண்புள்ளிகள் கொண்ட, மயக்கக் காட்சிகளைத் தரும் அமானிட்டா மஸ்காரியா என்னும் வகையை உண்டு தெய்வத்தைக் கண்டார்கள். இந்த இரகசியத்தை ரோமர்களிடமிருந்து காக்க, காளானின் பல பெயர்களைச் சிலேடையாக ஒளித்து ஒரு கதை பின்னப்பட்டது. அந்தக் கதைதான் சுவிசேஷம். அதன் நாயகன்தான் இயேசு. சிலேடையைப் புரியாத பின்வந்தவர்கள் கதையை வரலாறு என்று நம்பிவிட்டார்கள்.

இதற்கு அவர் கொண்ட கருவி சொல்லாராய்ச்சி. மாற்கு சுவிசேஷம் செபதேயுவின் மக்களான யாக்கோபுக்கும் யோவானுக்கும் ‘பொவனெர்கேஸ்’ என்று பெயரிட்டு, அதற்கு ‘இடிமுழக்க மக்கள்’ என்று பொருள் சொல்கிறது. அச்சொல் எபிரேயத்திலோ அரமேயத்திலோ அந்தப் பொருளுக்கு நேராகப் பொருந்தவில்லை என்பது பழைய, உண்மையான சிக்கல். அலெக்ரோ அதற்குச் சுமேரிய வேர் ஒன்றைக் காட்டி, இடிமுழக்கத்துக்கும் காளானுக்கும் உள்ள தொடர்பால் அது காளானின் பெயரே என்றார். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்ற நம்பிக்கை நம் கிராமங்களிலும் உண்டு, பண்டைய கிரேக்கரிடமும் இருந்தது; ஆகவே இந்த இடத்தில் வாசகர் தலையசைக்கத் தோன்றும். ஆனால் அவர் காட்டிய சுமேரியச் சொல் எந்தக் களிமண் பலகையிலும் இல்லை. இருக்கும் அசைகளை ஒட்டி அவரே அமைத்துக்கொண்டது. அத்தகைய சொற்களின் முன், எழுத்தில் கிடைக்காத ஊகச் சொல் என்பதைக் காட்டும் உடுக்குறியை (*) அவர் நேர்மையாக இட்டிருக்கிறார். நூலின் ஆதாரத் தூண்களாக நிற்கும் சொற்களுக்கெல்லாம் அந்தக் குறி இருப்பதுதான் சங்கடம்.

சுமேரியம் ஒட்டுநிலை மொழி. வேர்கள் பெரும்பாலும் ஓரசை. உறவுமொழி எதுவும் நிறுவப்படவில்லை. ஓரசை வேர்களை விரும்பியபடி கோக்கலாம் என்றால் எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லாகவும் ஆக்கலாம். சுமேரியமும் தமிழும் ஒன்றே என்று நிறுவ முயலும் நூல்களைப் புரட்டிய தமிழ் வாசகருக்கு இந்த வித்தை புதிதன்று. ஒலி ஒத்தால் உறவு என்பதற்கு மொழிநூலில் இடமில்லை. ஒலிமாற்றம் ஒழுங்காகப் பல சொற்களில் திரும்பத் திரும்ப நிகழ்ந்ததைக் காட்ட வேண்டும். மேலும், சுமேரியம் பேச்சுவழக்கிலிருந்து மறைந்து இரண்டாயிரம் ஆண்டு கழிந்த பின்னரே சுவிசேஷங்கள் எழுதப்பட்டன. அந்த இரண்டாயிரம் ஆண்டும் இடைவிடாமல் ஓர் இரகசியச் சொற்களஞ்சியம் வாய்வழி வந்ததென்றால், அதற்கு நடுவில் ஒரு தடயமாவது கிடைக்க வேண்டாமா?

இயேசுவின் சீடர் பேதுருவின் பெயரைப் பற்றிய வாதம் இன்னும் எளிதாக உடைகிறது. காளானுக்கு அரமேயத்தில் ‘பித்ரா’ என்றொரு சொல் உண்டு, இது கற்பனையன்று. எனவே பேதுரு என்பது காளானைக் குறிக்கும் சிலேடை என்றார் அலெக்ரோ. ஆனால் சுவிசேஷங்களுக்கும் முந்திய பவுலின் நிருபங்கள் அவரைப் பெரும்பாலும் ‘கேபா’ என்றே அழைக்கின்றன. கேபா என்றால் அரமேயத்தில் பாறை. கிரேக்கத்தில் அதை மொழிபெயர்த்தபோது கிடைத்ததே ‘பெத்ரோஸ்’. மொழிபெயர்ப்பில் பிறந்த பெயருக்குள் மூலமொழிச் சிலேடையை ஒளித்துவைக்க இயலாது. இந்த ஒரு செய்தி அலெக்ரோவுக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. அதனால்தான் காட்ஃப்ரி டிரைவர் போன்றவர்கள் பொறுமையிழந்தார்கள் என்று நினைக்கிறேன். மாணவருக்குத் தெரியாததை மன்னிக்கலாம், தெரிந்ததை ஒதுக்கிவைப்பதை மன்னிப்பது கடினம்.

படச் சான்றாக அவர் முன்வைத்தது பிரான்சின் பிளங்குரோ சிற்றாலயத்துச் சுவரோவியம். ஆதாமுக்கும் ஏவாளுக்கும் நடுவில் நிற்கும் மரம் அதில் புள்ளிகளோடு காளான் போலவே தோன்றுகிறது. ரிக்வேதத்தின் சோமபானம் அமானிட்டா மஸ்காரியாவே என்று 1968இல் எழுதிய கார்டன் வாசன் அலெக்ரோவுக்குத் துணைநிற்பார் என்று எதிர்பார்க்கலாம். அவரோ, அது இடைக்கால ஓவியர்கள் மரத்தை வரையும் வழக்கமான பாணி என்ற கலை வரலாற்றாசிரியர் பனோஃப்ஸ்கியின் கருத்தையே ஏற்றார். காளான் ஆய்வின் முன்னோடியே ஒப்பவில்லை.

கதையின் உள்தருக்கத்திலும் ஓர் ஓட்டை உண்டு. ரோமர்களின் கண்ணில் படாமல் இருப்பதே நோக்கமென்றால், ரோம ஆளுநர் ஒருவரால் கலகக்காரனாகத் தண்டிக்கப்பட்ட மனிதனைக் கடவுளின் மகன் என்று கொண்டாடும் கதையா அதற்கு முகமூடி? காளான் தின்பதைக் காட்டிலும் அது ஆபத்தான பேச்சு. கிபி 64இல் ரோமாபுரி எரிந்தபின் பேரரசன் நீரோ கிறித்தவர்களைக் கொன்றதைச் சொல்லும் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், பொந்தியு பிலாத்து தண்டித்த ஒருவரின் பெயரால் வந்த கூட்டம் என்றுதான் அவர்களை அடையாளம் காட்டுகிறார். ஜொசிபஸ், ‘கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு’ கொல்லப்பட்டதைக் குறிப்பிடுகிறார். அதே யாக்கோபை எருசலேமில் நேரில் கண்டதாகப் பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். காளானுக்குச் சகோதரன் இருக்க முடியாது. இயேசுவைப் பற்றி நிறுவத்தக்க வரலாறு மிகக் குறைவு என்பதில் சபை சாராத அறிஞர்களும் உடன்படுவார்கள். அவர் இருந்ததே இல்லை என்பதை அவர்களில் மிகச் சிலரே ஏற்கிறார்கள்.

பதிப்பாளரே பின்னர் அந்நூலுக்கு வருத்தம் தெரிவித்தார். அலெக்ரோ பல்கலைக்கழக வாழ்வுக்குத் திரும்பவில்லை. 1979இல் மீண்டும் சுருள்களுக்கும் கிறித்தவத் தொன்மத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆனால் அதற்குள் துறையினர் அவரைப் படிப்பதையே நிறுத்திவிட்டார்கள். சுருள்களை வெளியிடாமல் வைத்திருப்பது தவறு என்று அவர் எழுதினாலும், ‘காளான்காரர்’ சொல்வது என்று தள்ளிவிடுவது எளிதாயிற்று. அதே குறையை 1977இல் ஆக்ஸ்ஃபோர்டின் கேசா வெர்மஷ் சொன்னபோது, இது இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் கல்வித்துறை முறைகேடாக ஆகிவிடும் என்று எச்சரித்தபோது, காது கொடுத்தார்கள். அப்போதும் பெட்டிகள் திறக்கவில்லை.

1988 பிப்ரவரி 17, தம் 65ஆம் பிறந்தநாளன்று அலெக்ரோ இறந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1991 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகம் தன்னிடமிருந்த சுருள்களின் நுண்படங்களை எந்த ஆய்வாளரும் பார்க்கலாம் என்று அறிவித்தது. அதன்பின் இஸ்ரேல் தொல்லியல் துறையும் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. நாற்பதாண்டு ஏகபோகம் சில வாரங்களில் குலைந்தது. வத்திக்கான் மறைத்த அதிர்ச்சிச் செய்தி ஏதாவது வருமென்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். இயேசுவின் பெயரும் இல்லை, யோவான் ஸ்நானகன் பெயரும் இல்லை.

ஆனால் நான்காம் குகையின் 521ஆம் படி இருந்தது. 1992இல் எமில் பியூஷ் அதைப் பதிப்பித்தார். வானமும் பூமியும் யூதர் எதிர்பார்த்த மீட்பரான மேசியாவுக்குச் செவிகொடுக்கும் என்று தொடங்கும் அந்தத் துணுக்கு, காயம்பட்டோரைக் குணமாக்குவது, இறந்தோரை உயிர்ப்பிப்பது, ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிப்பது என்று ஒரு வரிசையைச் சொல்கிறது. வருகிறவர் நீர்தானா என்று கேட்டனுப்பிய யோவானுக்கு இயேசு சொல்லும் பதிலாக லூக்காவும் மத்தேயுவும் தரும் வரிசை ஏறக்குறைய இதுவே. ஏழைகளுக்கு நற்செய்தி என்பது ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் 61ஆம் அதிகாரத்திலிருந்து வருவது; இறந்தோர் எழுவது அந்தப் பகுதியில் இல்லை. இந்தத் துணுக்கிலும் சுவிசேஷங்களிலும் சேர்ந்தே வருகிறது. கிறித்தவத்தின் மொழி அதற்கு முந்திய யூத எதிர்பார்ப்பில் எப்படி வேர்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. அலெக்ரோ 1953இல் பணியில் சேர்ந்த அதே அருங்காட்சியகத்தில், அவரை மறுத்துக் கையொப்பமிட்ட ஐவரில் ஒருவரான ஸ்டார்கியின் பங்குக்கு ஒதுக்கப்பட்டு, அவ்வளவு காலமும் அது முழுமையாக அச்சேறாமல் கிடந்தது.